பெரியவளிடம் கேட்காதீர்கள்

1

இந்தக் கதையை உங்களுக்காக எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. என் தம்பியின் மூத்த மகள் படிக்க வேண்டும் என்று எழுதினேன். படித்துவிட்டு அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘சரி’ என்று சொல்ல வேண்டும். நீங்கள் பிறகு வந்தவர்கள்.

அதை வாயால் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கக் கூடாது என்று உத்தரவு. ஆஸ்பத்திரியில் கொடையாளர் ஆலோசகர் என்று ஒரு பெண் இருக்கிறாள். எனக்குப் பெண் பிறந்திருந்தால் அவள் வயது இருக்கும். அவள் என்னையும் என் தம்பியையும் அவன் மனைவியையும் உட்காரவைத்து, மூக்கொழுகும் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

“அடுத்த தடவை நான் அவளைத் தனியாப் பாக்கற வரைக்கும் வீட்ல யாரும் இதப் பத்தி அவகிட்டப் பேசக் கூடாது. கெஞ்சக் கூடாது. மிரட்டக் கூடாது. பாராட்டவும் கூடாது.”

“பாராட்டக்கூடக் கூடாதா?” என்றேன்.

“அதுதாம்மா இருக்கறதுலயே மோசம்.”

நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் முத்திரை குத்தாமல் எந்தக் கடையிலும் தராசு ஆடியதில்லை. சட்டத்தில் எழுதாததைச் சட்டம் தடுக்காது என்று சொல்லித்தான் கடைக்காரர்கள் என்னிடமிருந்து நழுவப் பார்ப்பார்கள். ஆலோசகர் பேசக் கூடாது என்றுதான் சொன்னாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. நானோ பத்திரிகைகளில் கதை எழுதுகிறவள், இரண்டு புத்தகம் போட்டவள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதி, அங்கேயே வைத்துவிட்டு எழுந்தேன். மேஜையில் கிடக்கிற காகிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இதுதான் இந்தக் கதை பிறந்த கதை. வெட்கப்பட ஒன்றுமில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் அன்பே உருவானவள்—’

நிறுத்திவிட்டேன். மூத்தவள் அன்பே உருவானவள் அல்ல. முந்தின நாள்தான் சின்னவளின் மண்டையில் சீப்பால் ஒன்று வைத்தாள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவாக இருக்கும் பிள்ளையை அடிக்கலாமா என்று அவள் அம்மா கேட்டதற்கு, “பல் இல்லாத பக்கத்தாலதான் அடிச்சேன்” என்றாள்.

இரண்டாவது:

‘எலும்பு என்பது வெறும் எலும்பு அல்ல. அதன் உள்ளே ரத்தம் பிறக்கும் ஊற்று ஒன்று—’

பாடப்புத்தகம். பெரியவள் பாடப்புத்தகத்தையே படிப்பதில்லை.

மூன்றாவது, மழை பெய்துகொண்டிருந்ததில் தொடங்கியது. (எல்லாக் கதையிலும் பெய்கிறது. இதில் பெய்ய வேண்டாம்.)

நான்காவதாக, நடந்ததை நடந்தபடி எழுதினேன். என் உத்தியோகத்தில் அறிக்கை எழுதிப் பழக்கம். அலங்காரம் தானே உதிர்ந்துவிட்டது.

சின்னவளை வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவோம். ஆறு வயது. உடம்பில் காரணமில்லாமல் நீலம் பூத்தது. பல் தேய்த்தால் ரத்தம் நிற்கவில்லை. எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம் வற்றிக்கொண்டு வருகிறது என்றார்கள். வெளி ரத்தம் ஏற்றி ஏற்றித்தான் இவ்வளவு நாள் ஓடியது. இனி ஒருவருடைய இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து இவளுக்கு ஏற்ற வேண்டும். அம்மா பொருந்தவில்லை, அப்பா பொருந்தவில்லை, நான் வயதால் கழிந்துபோனேன். பெரியவள் முழுக்கப் பொருந்தினாள்.

ஏற்றுவதற்கு முன்னால் பட்டாணிக்குக் கடுமையான மருந்து கொடுத்து, மிச்சம் மீதி இருக்கும் பழைய மஜ்ஜையை அழிப்பார்கள். அதைத் தொடங்கிவிட்டால் திரும்பி வர வழி கிடையாது. அதன்பிறகு பெரியவள் பின்வாங்கினால் பட்டாணி பிழைக்க மாட்டாள். ஆகவேதான் தொடங்குவதற்கு முன்பே பெரியவளை உட்காரவைத்துக் கேட்கிறார்கள். அப்பா அம்மா கையெழுத்து மட்டும் போதாதாம். பதின்மூன்று வயதுப் பெண்ணின் சம்மதமும் வேண்டுமாம். அவள் மறுத்தால் வெளியாளைத் தேடுவார்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதுவரை பட்டாணி தாங்க வேண்டும்.

* உறவினர்களிடம் நாங்கள் சொல்லியிருப்பது வேறு. ‘ரத்தம் கொஞ்சம் கம்மி, டானிக் கொடுக்கிறோம்.’ அந்த வாசகம் என்னுடையது. ஆறு வயதுப் பெண்ணின் வியாதியைப் போகிறவர் வருகிறவர் வாயில் மெல்லக் கொடுக்க மாட்டேன். நாளைக்கு அவள் வளர்ந்து நிற்கும்போது ‘அந்த நோயாளிப் பெண்ணா’ என்று எவனும் கேட்கக் கூடாது. பலன், பேரீச்சம்பழமாக வந்து குவிகிறது. பட்டாணிக்கு அது ஆகாது. நாங்கள்தான் தின்று தீர்க்கிறோம்.

3

ஆலோசகரின் அறையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஆலோசகர் பெரியவளைப் பார்த்துக் கேட்டாள். “உனக்கு இதப் பத்தி என்ன தோணுது?”

“அவளுக்குச் சம்மதந்தான்,” என்றேன் நான்.

“நான் அவளைக் கேட்டேன்.”

“எங்க வீட்டுப் பொண்ணும்மா அது. பெரியவங்க பேச்ச மீறாது.”

“சரிங்கம்மா. நான் அவளைக் கேட்டேன்.”

“அக்கா, கொஞ்சம் சும்மா இரு,” என்றான் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுவதும் இருட்டுக் குழிக்குள் தொங்கி வேலை செய்கிறவன், என்னைச் சும்மா இரு என்று சொல்ல மட்டும் அதுவரை துணிந்ததில்லை.

பெரியவள் கால் கட்டைவிரலால் தரையில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

“யோசிக்கணும்.”

யோசிக்க இதில் என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் ‘வேணுமா, வேணாமா’ என்ற கேள்வி சாப்பாட்டை இரண்டாம் முறை பரிமாறும்போது மட்டும்தான் எழும். மற்றதெல்லாம் செய்ய வேண்டியது, செய்துவிடுவோம். நான் என் தம்பியை வளர்த்தபோது யாரும் என்னை ஓர் அறையில் உட்காரவைத்து உனக்கு என்ன தோணுது அம்மா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்— (இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று தெரிகிறது. போக வேண்டாம்.)

ஆலோசகர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேசினாள். பிறகுதான் எங்களைக் கூப்பிட்டு அந்த உத்தரவைப் போட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தம்பி மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தான். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

* பட்டாணியின் கருத்து: “அக்கா என் கலர் பென்சில எடுக்கறப்ப என்னைக் கேக்கறதே இல்ல. அவகிட்ட மட்டும் எதுக்குக் கேக்கறாங்க?” இந்தக் குடும்பத்தில் என் கட்சியில் இருந்தது அவள் ஒருத்திதான்.

4

இதற்கு நடுவில் வீட்டைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த விதிகளைப் பார்த்தால், பட்டாணி திரும்பி வரும்போது வீட்டில் சுவர் மட்டும்தான் இருக்கலாம் போலிருந்தது. மண் தொட்டிச் செடி ஆகாது. மிதியடி ஆகாது. தூசி தங்கும் திரைச்சீலை ஆகாது. பஞ்சு பொம்மைகளில் வெந்நீரில் துவைக்க முடிந்தது மட்டும் இருக்கலாம். பட்டாணி தன் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொன்றிடமும் “வெந்நீர் தாங்குவியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆம், பொம்மையிடமும் சம்மதம் கேட்கிற காலம்.

இந்த அமளியில்தான் என் முதல் பிரதி மேஜைக்குப் போனது. தொடக்கம்தான் அறிக்கை; முடிவில் அக்கா ஓடி வந்து தங்கையைக் கட்டிக்கொண்டு, ‘என் எலும்பையே எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர்!’ என்று கதறுகிறாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்துவிட்டு நான் பால்கனிச் செடிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது பெரியவள் ரொட்டியை மென்றுகொண்டே கடைசிப் பக்கத்தில் இருந்தாள்.

“அத்தை, இதுல வர்ற பொண்ணு யாரு?”

“கதைப் பொண்ணு.”

“கதைப் பொண்ணுக்கு எதுக்கு என் மூக்குத் தழும்பு?”

“பல பேருக்கு இருக்கும்.”

“பல பேர் மூக்குலயும் தங்கச்சி டப்பா மூடிய வீசுவாளா?”

நான் செடி மண் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டேன்.

“‘என் எலும்பையே எடுத்துக்கொள்ளுங்கள்’னு யாராவது பேசுவாங்களா அத்தை? டாக்டர் பயந்து ஓடிருவாரு.”

“அது ஒரு வேகத்துல சொல்றது.”

“எனக்கு அந்த வேகமெல்லாம் வராது.” ரொட்டித் துகளைக் காகிதத்தின் மேலிருந்து ஊதினாள். “அப்புறம், இதுவும் பேசறதுதான். பேசக் கூடாதுன்னுதானே சொன்னாங்க?”

“நான் பேசலை. எழுதியிருக்கேன்.”

“அப்ப நானும் படிக்கல. பாத்தேன்.”

எழுந்து போய்விட்டாள். யாரிடமிருந்து இந்தப் பேச்சைக் கற்றாள் என்று வீட்டில் கேட்டால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்பதால் கேட்கவில்லை.

5

பாராட்டு பலிக்கவில்லை என்றால் அடுத்தது என்ன? கடைக்காரனிடம் நல்லவிதமாகச் சொல்லிப் பார்ப்போம். கேட்காவிட்டால் அபராதத்தைச் சொல்வோம். இரண்டாவது பிரதியில் அபராதத்தைச் சொன்னேன்.

அந்தக் கதையில் அக்கா மாட்டேன் என்கிறாள். வெளியாள் கிடைப்பதில்லை. பிறகு ஒரு கட்டில் வருகிறது. விரிப்பு மாற்றிய, காலியான—

நன்றாக வந்தது. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான். ஆனால் பெரியவளுக்கு முன் அது அவள் அம்மாவின் கையில் சிக்கிவிட்டது. மேஜை துடைக்க வந்தவள், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தாள். அவள் குரலை உயர்த்துகிறவள் இல்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை அண்ணி என்று கூப்பிடுகிறாளே தவிர, எதிரே நின்று பேசியதில்லை.

“கட்டில் காலியா இருக்குன்னு எழுதியிருக்கீங்க அண்ணி.”

“கதைதானே.”

“எம் பொண்ணு கட்டிலு அது.”

“பெரியவ மனசுல உறைக்கணும்னுதான்...”

“உறைச்சு?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“நீங்க பெரியவங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல. ஆனா எனக்கு ரெண்டும் பொண்ணுங்கதான். ஒருத்திய மிரட்டி இன்னொருத்தியக் காப்பாத்திட்டா, அப்புறம் எனக்கு எத்தன பொண்ணு மிஞ்சும்? நீங்க அளந்து சொல்லுங்க.”

காகிதங்களை நான்காக மடித்து முட்டை ஓட்டோடு குப்பையில் போட்டாள். மேஜையைத் துடைத்தாள். நான் கை வைத்திருந்த இடத்தில் “அண்ணி, கை” என்றாள். எடுத்துக்கொண்டேன்.

ஆகவே அந்த முடிவு உங்களுக்குக் கிடைக்காது. மறுபடி எழுதித் தாருங்கள் என்று கேட்காதீர்கள். எனக்கு நினைவில்லை. (வரிக்கு வரி நினைவிருக்கிறது. தர மாட்டேன்.)

* இங்கே ஒரு கேள்வி எழலாம்: பெரியவளை நான் சரியாகத்தான் எழுதுகிறேனா? முதல் பிரதியில் தெய்வம், இரண்டாவதில் கல்நெஞ்சுக்காரி. இரண்டிலும் அவளை ஊசிக்குப் பயந்தவளாக வைத்திருந்தேன். ஒரு பாத்திரம் தயங்கினால் அதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? கைக்குக் கிடைத்ததை வைத்தேன்.

6

மூன்றாவது பிரதி எழுதவில்லை. அதற்குள் திரைச்சீலை கழற்றும் வேலை வந்தது. மத்தியானம். பட்டாணியை அவள் அம்மா பல் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தாள். சொத்தைப் பல் ஒன்று இருந்தாலும் அந்த மருந்துக்கு முன் எடுத்துவிட வேண்டுமாம். பெரியவள் ஸ்டூலில் ஏறி நின்று கொக்கிகளைக் கழற்ற, நான் கீழே துணியைத் தாங்கிக்கொண்டிருந்தேன். துணி முழுக்கத் தூசி. தும்மலை அடக்கிக்கொண்டு நின்றேன்.

“அத்தை, மூணாவது எழுதறீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“உங்கம்மா குப்பையில போடறா.”

சிரித்தாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே, “ஒரு தப்பு இருக்கு. முதல்ல எழுதினதுல. ரெண்டாவதுலயும் இருந்திருக்கும். எனக்கு ஊசின்னா பயமில்ல,” என்றாள்.

“பின்னே என்ன?”

“நீங்க கேக்கக் கூடாது.”

“கேக்கலை. கொக்கியப் பாத்துக் கழட்டு.”

இரண்டு கொக்கி கழன்றது.

“டாக்டர் சொன்னாருல்ல. சில சமயம் புது ரத்தம் உள்ள போனதும் அந்த உடம்ப வேத்தாள்னு நெனச்சு அடிக்குமாம். தோலு, வயிறு, ஈரல் எல்லாத்தையும். மருந்து இருக்காம். ஆனாலும் அடிக்குமாம்.”

“ம்.”

“நாங்க வெளியிலயே தெனம் அடிச்சுக்கறோம். உள்ள போயும் என்னோடது அவள அடிச்சா?”

சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்து அண்ணாந்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்புறம் எல்லாரும் என்னைப் பாப்பீங்க. ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, சும்மா பாப்பீங்க. நீங்கதான் மொதல்ல பாப்பீங்க.”

நான் எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்றைக்கு வாயில் தூசிதான் இருந்தது. அது உன்னால் வருவது அல்ல, அணுக்களின் வேலை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பேசியதாகிவிடும், உத்தரவை மீறியதாகிவிடும். (அதுதான் காரணம் என்று எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.)

“இன்னொண்ணும் இருக்கு,” என்றாள். “அந்த ஆலோசகர் என்னத் தனியா வெச்சுச் சொன்னாங்க. நான் மாட்டேன்னு சொன்னா, மாட்டேன்னு சொல்லிட்டான்னு உங்ககிட்டச் சொல்லவே மாட்டாங்களாம். ‘மருத்துவக் காரணம், இவகிட்ட இருந்து எடுக்க முடியாது’ன்னு மட்டும் சொல்வாங்களாம். என்ன காரணம்னு அப்பா கேட்டாக்கூடச் சொல்ல மாட்டாங்களாம். நெஜமாவே எனக்கு உடம்புல ஏதாவது இருந்து எடுக்க முடியாமப் போனாலும் அதே வார்த்தைதானாம். யாராலயும் கண்டுபிடிக்க முடியாதாம்.”

துணியைத் தாங்கியபடியே நின்றேன். இந்தக் குடும்பத்துக்காக எத்தனையோ சாக்குச் சொல்லியிருக்கிறேன். வேலை போன தம்பியை ‘மேல்படிப்புக்குப் படிக்கிறான்’ என்று சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொண்டு வராத சம்பந்தியை ‘முழங்கால் வலி’ என்று சொல்லியிருக்கிறேன். ஒன்றில்கூட இவ்வளவு நேர்த்தி இல்லை. எந்தப் பக்கம் தட்டிப் பார்த்தாலும் ஓட்டை தெரியவில்லை. அந்த ஆலோசகர் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. உடனே பெரியவள் மேல் எரிச்சலும் வந்தது.

“அறிவிருக்கா உனக்கு? இத எங்கிட்டச் சொன்னா அப்புறம் அது எதுக்கு உதவும்? டாக்டர் அப்படிச் சொன்னதுமே எனக்குச் சந்தேகம் வராதா?”

“வரும்.”

“பின்னே?”

“அப்பாவால கேக்காம இருக்க முடியாது. கதவு கதவாத் தட்டுவாரு. அம்மா கேக்க மாட்டாங்க, ஆனா ராத்திரி பூரா முழிச்சிட்டிருப்பாங்க. அப்ப யாராவது ஒருத்தர் பக்கத்துல நின்னு, ‘ஆமா, கடைசிப் பரிசோதனையில ஏதோ வந்திருக்கும், விடு’ன்னு சொல்லணும். நம்பற மாதிரி சொல்லணும். இந்த வீட்ல உங்களுக்குத்தான் அது வரும்.”

“என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?”

“ரத்தம் கொஞ்சம் கம்மின்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. ஒருத்தர்கூடச் சந்தேகப்படல. பேரீச்சம்பழம் வாங்கிட்டு வந்தாங்க.”

“அது குடும்ப மானத்துக்குச் சொன்னது.”

“நானும் குடும்பந்தானே அத்தை?”

ஸ்டூலின் மேலிருந்து குனிந்து என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் யாரும் என்னைக் குனிந்து பார்த்ததில்லை.

“அப்ப நீ மாட்டேன்னு...” என்று தொடங்கினேன்.

“இன்னும் முடிவு பண்ணல. நெஜமா பண்ணல. பண்ணினாலும் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். அங்கதான் சொல்வேன். ஆனா எதைச் சொன்னாலும் நான் வெளிய வரணும்ல.”

பட்டாணியை நினைத்தேன். ‘வெந்நீர் தாங்குவியா’ என்று அவள் கேட்டுக்கொண்டிருந்த குரலை நினைத்தேன். அவளுக்காக இந்தப் பெண்ணின் காலில் விழலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன், விழவில்லை. இந்தப் பெண் கேட்பதை நான் மறுத்தால், அவள் அந்த அறைக்குள் போகும்போதே அவளுக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேரும் நிற்போம். அவள் வாயைத் திறந்தால் எங்கள் குரல்தான் வரும். அது ‘சரி’யாகவே இருந்தாலும் அவள் சொன்னதாக இருக்காது. பட்டாணிக்கு ஏதாவது ஆகிவிட்டால், கேட்டவர்கள் எல்லோரும் ஒதுங்கிக்கொள்வோம், பழி மட்டும் அவளோடு தங்கிவிடும்.

“சரி,” என்றேன்.

எந்த வார்த்தையை அவளிடமிருந்து வாங்கத் தாள் தாளாக எழுதினேனோ, அதை அவள் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கடைசிக் கொக்கியும் கழன்று, திரைச்சீலை முழுதும் என் தலைமேல் விழுந்தது.

7

இப்போது ஆஸ்பத்திரி நடைவழியில் இருக்கிறோம். காலை நேரம். பட்டாணி மேல்மாடியில், தட்டணுக்கள் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள். அங்கே செவிலியோடு ஏதோ பேரம் நடந்துகொண்டிருக்கும். கீழே பெஞ்சில் தம்பி, அவன் மனைவி, நடுவில் நான். ஆலோசகர் கதவைத் திறந்து பெரியவளைக் கூப்பிட்டாள்.

பெரியவள் எழுந்து இரண்டு அடி போய்த் திரும்பி வந்தாள். என் காதருகே குனிந்தாள்.

“அத்தை, முகம்.”

“என்ன முகம்?”

“இப்பவே ஒரு மாதிரி இருக்கு. சரி பண்ணுங்க.”

உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

தம்பி தன் செருப்பைப் பார்த்தபடியே கேட்டான்: “அக்கா, அவ உங்கிட்ட ஏதாவது சொன்னாளா? திரைச்சீல கழட்டறப்ப ரொம்ப நேரம் பேசிட்டிருந்தீங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க.”

“கொக்கியெல்லாம் துருப்பிடிச்சிருக்குன்னா.”

“அவ்வளவுதானா?”

“புதுசு வாங்கணும்னா.”

தம்பி மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே நிறுத்தி உங்களோடு கணக்குத் தீர்க்க வேண்டும். நீங்கள் முடிவைக் கேட்பீர்கள். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று: ஆலோசகர் வெளியே வந்து ‘எடுக்கலாம்’ என்கிறாள். பட்டாணியின் அறையில் மருந்து ஏறத் தொடங்குகிறது. எல்லோரும் அழுகிறோம், நான் தவிர.

இரண்டு: ‘மருத்துவக் காரணம், இவளிடமிருந்து எடுக்க முடியாது’ என்கிறாள். தம்பி எழுந்து ‘என்ன காரணம்’ என்கிறான். நான் அவன் தோளில் கை வைக்கிறேன்.

எது நடந்தது என்று சொல்ல மாட்டேன். அது நல்ல சேதியாக இருந்தாலாவது சொல்லலாமே என்று கேட்காதீர்கள், எரிச்சலாக வருகிறது. நல்ல சேதியென்றால் சொல்வேன், மற்றதென்றால் வாயை மூடிக்கொள்வேன் என்றால், வாயை மூடிக்கொள்வதே சொன்னதாகிவிடாதா? இந்த உலகத்தில் அந்த மாதிரிக் கதவுக்குள் போகிற பிள்ளை இவள் ஒருத்திதானா? இரண்டுக்கும் ஒரே முகம் வைத்திருந்தால்தான் அவர்களை மறைக்கிற சுவர் நிற்கும். ஒரு பக்கம் செங்கல்லை உருவிக்கொண்டு மறுபக்கம் நிழல் கேட்கக் கூடாது.

அப்படியானால் எதற்காக இதையெல்லாம் எழுதி அச்சுக்குக் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரியவளைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். (ஆம், கேட்டேன். கேட்கவும் எனக்கு வரும்.) “முடிவ எழுதாம இருந்தாச் சரி,” என்றாள். தம்பி படித்தால்? அவன் நான் எழுதியதைப் படித்ததில்லை. படித்துவிட்டு வந்து நின்றால் கற்பனை என்பேன். அவனுக்கு இதிலிருந்து தெரியப்போவது, தனக்குத் தெரியாத ஒன்று இருக்கலாம் என்பது மட்டும்தான். அது எல்லாக் குடும்பத்திலும் இருப்பதுதான்.

கதவுப் பிடி அசைகிறது.

நீங்களும் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள், இனி எழுந்து போக முடியாது. வருகிறவளின் முகத்தில் எதையும் தேடாதீர்கள். கண் சிவந்திருக்கிறதா, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாளா என்று பார்க்க வேண்டாம். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். ‘பசிக்குதா?’ என்று கேளுங்கள். நானே கேட்டிருப்பேன், ஆனால் தம்பி எழுந்துகொள்ளப் பார்க்கிறான். அவன் சட்டையை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.